சிவப்பு ஸ்டார்முக்குக் கரும்பச்சை அடிக்கலாமா?

கேள்வி, 2023 பிப்ரவரி 11

சேலத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2001 மாடல் சான் ஸ்டார்ம் கார் இருக்கிறது. சிவப்பு. பானட்டும் டிக்கி மூடியும் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டன. எப்படியும் முழு பெயிண்ட் அடித்தாக வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரேஸ் கார் மாதிரி கரும்பச்சைக்கு மாறிவிடலாமா என்று ஆசை. நிறத்தை மாற்றினால் வண்டியின் மதிப்பே போச்சு என்கிறார்கள் நண்பர்கள். ஸ்டார்ம் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2023 பிப்ரவரி 11, இரவு

வேண்டாம் தம்பி.

கோவையில் நானும் ஒரு ஸ்டார்ம் வைத்திருக்கிறேன். 2000 மாடல், சில்வர். 2011-ல் இரண்டாவது ஆளாக வாங்கினேன். கம்பெனியிலிருந்து வந்த நிறத்திலேயே இன்றும் நிற்கிறது. இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லி விற்ற வண்டிகளே கைவிரல் எண்ணிக்கை. கோவாவில் செய்து 1998-ல் வெளிவந்த இந்த இரண்டு சீட்டு வண்டி அவற்றில் ஒன்று. ரெனோவின் 1149 சிசி எஞ்சின், 60 குதிரைசக்தி. இன்றைக்கு அது பெரிய சக்தி இல்லை. ஆனால் பைபர் (கண்ணாடியிழை) உடம்பு, எடை குறைவு, கூரையை மடக்கிவிட்டுக் காலை ஆறு மணிக்கு பொள்ளாச்சி ரோட்டில் போனால் போதும். அப்படிப்பட்ட வண்டி எந்த நிறத்தில் பிறந்ததோ அதே நிறத்தில் இருக்கட்டும்.

2023 பிப்ரவரி 12

நேற்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொல்ல வேண்டும்.

அதே நிறம் அடித்தால் வெளியே தெரிகிற இடத்தை மட்டும் செய்தால் போதும். வேறு நிறம் என்றால் கதவு விளிம்பு, கீல், பானட்டின் அடிப்பக்கம், டிக்கியின் வாய், ரப்பர் பீடிங்குக்குப் பின்னால், எஞ்சின் அறை என்று எல்லாம் வேலை. எஞ்சினை இறக்காமல் அந்த அறையை ஒழுங்காக அடிக்க முடியாது. பெயிண்டர் "அதெல்லாம் தெரியாதுங்க, கருப்பு அடிச்சு விட்ரலாம்" என்பார். விட்டுவிடுவோம். அப்புறம் கதவைத் திறக்கும்போதெல்லாம் பழைய சிவப்பு எட்டிப் பார்க்கும்.

எனக்கு அந்த அனுபவம் உண்டு. எங்கள் அப்பாவிடம் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கிக்கொள்ளும், சக்கரம் வரைக்கும் தெரியும். இங்கிலாந்தில் டிரயம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை அந்த ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் செய்தார்கள் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் வண்டி இளநீலம். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் அப்பா அதை மெரூன் ஆக்கினார். வெளியே மட்டும். நான்கு கதவையும் திறந்தால் உள்ளே நீலம்.

2023 பிப்ரவரி 14

மதிப்பு போய்விடுமா என்பதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வெளிநாட்டில் ஒரே மாடலுக்குள்ளேயே பிறந்த நிறத்துக்கு விலை வைப்பார்கள். செவர்லே கார்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நம்முடையதைப் போல பைபர் உடம்புதான். முதல் வருஷம், 1953-ல், மொத்தம் 300 வண்டி செய்தார்கள். அத்தனையும் வெள்ளை, உள்ளே சிவப்பு சீட். இன்று அந்த வருஷத்து வண்டியை நீலமாக்கினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும், ஏனென்றால் நீலத்தில் ஒன்று வந்ததே கிடையாது. அங்கே நிறம் என்பது சாட்சி மாதிரி.

ஸ்டார்முக்கு அப்படி ஒரு சந்தை இங்கே இல்லை. வாங்க வருகிறவர் பைபரில் விரிசல் இருக்கிறதா, பார்ட்ஸ் கிடைக்குமா, ஆர்சி உயிரோடு இருக்கிறதா என்றுதான் கேட்பார். ஆக, மதிப்பு என்ற பயத்தை எடுத்துவிடுங்கள். மற்ற காரணங்களால்தான் வேண்டாம் என்கிறேன்.

2023 பிப்ரவரி 19

பச்சை பற்றி. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள்.

அப்போதெல்லாம் ரேஸில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். பிரான்சுக்கு நீலம், பிற்பாடு இத்தாலிக்குச் சிவப்பு. 1903-ல் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தை நடத்தும் முறை பிரிட்டனுக்கு வந்தது. இங்கிலாந்தில் பொதுச் சாலையில் ரேஸ் விட சட்டம் இடம் கொடுக்காததால் அயர்லாந்தில் நடத்தினார்கள். இடம் கொடுத்த அயர்லாந்துக்கு மரியாதையாக பிரிட்டிஷ் வண்டிகள் பச்சையில் ஓடின. பிறகு அது அவர்கள் நிறமாகவே நிலைத்துவிட்டது. குறிப்பிட்ட ஒரே பச்சை என்று கிடையாது, பாசிப்பச்சையிலிருந்து ஏறக்குறைய கருப்பு வரை எல்லாவற்றையும் 'பிரிட்டிஷ் ரேஸிங் கிரீன்' என்ற பெயரில்தான் சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்று. ஆலிவ் பச்சை பக்கம் போய்விடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. கடையில் ஷேடு கார்டு பார்க்கும்போது மங்கிய பச்சையாக எதையும் எடுக்க வேண்டாம். செக்போஸ்ட்டில் நின்று இது ஆலிவ் இல்லை என்று விளக்கிக்கொண்டிருப்பது நமக்குத் தேவையா?

2023 மார்ச் 5

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாக வரும்.

ஒரு நண்பர், "உங்கள் சில்வர் கம்பெனி நிறம்தான் என்று எப்படித் தெரியும்? மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார். பெயிண்ட் கனம் பார்க்கும் சாதாரண மீட்டர் இரும்பிலும் அலுமினியத்திலும்தான் வேலை செய்யும். பைபர் மேல் வைத்தால் ஒன்றும் காட்டாது. அதனால் நம் வண்டியில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று தெரிய எளிய வழி, மறைவான இடத்தில் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துப் பார்ப்பதுதான். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவது போல அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அதன் பின்னால் 400 நம்பர் தாளில் தண்ணீர் விட்டு ஒரு ரூபாய் நாணயம் அளவு தேய்த்தேன். மேலே கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு), அப்புறம் சில்வர், அப்புறம் சாம்பல் பிரைமர். அதற்கும் கீழே மஞ்சள். நல்ல, கெட்டியான, மாம்பழ மஞ்சள்.

பன்னிரண்டு வருஷமாக நான் துடைத்துத் துடைத்துக் காத்த கம்பெனி நிறம் கம்பெனி நிறமே இல்லை.

விற்றவர் கொடுத்த பைலை எடுத்தேன். பழைய ஆர்சி புக்கின் ஜெராக்ஸ் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் மஞ்சளிலிருந்து சில்வருக்கு மாற்றியதாக எழுதி ஆர்டிஓ சீல் வைத்திருக்கிறது. மனிதர் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

2023 மார்ச் 6

இரவெல்லாம் யோசித்தேன். நிறம் மாற்றுவது தவறு என்றால் முதல் ஆள் செய்ததும் தவறு. ஆனால் எனக்கு அந்தச் சில்வர் பிடித்துத்தானே வாங்கினேன்? அவர் மாற்றாமல் விட்டிருந்தால் மஞ்சள் வண்டியை வாங்கியிருப்பேனா என்பதே சந்தேகம்.

ஹெரால்டு விஷயத்திலும் ஒன்றை விட்டுவிட்டேன். கதவைத் திறந்தால் உள்ளே நீலம் தெரியும் என்று குறையாகச் சொன்னேன். அப்பா தவறிய பிறகு அந்த வண்டியை விற்றோம். எடுத்துப் போக ஆள் வந்த அன்று நான் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெரூன் கல்யாணத்துக்கு அடித்தது. நீலத்தில்தான் என்னை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்கவிட்டார்.

ஆக தம்பி, வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அடிக்கலாமா என்பது உங்கள் ஆசை. எப்படி அடிப்பது என்பதில் மட்டும் நான் விடமாட்டேன்.

2023 மார்ச் 18

இப்போது பைபர். நான் முப்பது வருஷம் பவுண்டரிகளுக்கு பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்தவன். மரத்திலும் செய்தோம், பைபரிலும் செய்தோம். தகர வண்டிக்குப் பழகிய பெயிண்டர்கள் நம் வண்டியில் செய்கிற தவறுகள் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்று, பழைய பெயிண்டைக் கழற்ற ரிமூவர் தடவுவார்கள். தகரத்தில் தடவிக் கழுவிவிடலாம். பைபரில் அது இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் பிசினுக்குள்ளேயே இறங்கும். புதுப் பெயிண்ட் அடித்த பிறகு மாதக்கணக்கில் கொப்புளமாக வெளியே வரும். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். 180 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 320, அப்புறம் 400, 600. கை வலிக்கும்.

அடுத்தது விரிசல். கதவு மூலையில், கண்ணாடி திருகு இருக்கும் இடத்தில் நட்சத்திரம் மாதிரி பொடி விரிசல் இருக்கும். பட்டி பார்த்து மூடினால் ஆறு மாதத்தில் அதே நட்சத்திரம் அதே இடத்தில் வரும். விரிசலை அடி வரைக்கும் கிரைண்டரில் தேய்த்துத் திறந்து, உள்பக்கம் கிளாஸ் மேட் (கண்ணாடியிழைப் பாய்) வைத்து ரெசின் போட்டு, அதற்கு மேல்தான் பட்டி. ரெசின் கலக்கும்போது சீக்கிரம் இறுக உதவும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு அப்புறம்தான் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இதை எங்கள் பட்டறையில் புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். உங்கள் பெயிண்டரிடமும் சொல்லுங்கள், தெரிந்தவராக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் சூடு. பெயிண்டை உலர்த்தும் பூத் அறையில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பது தகரத்துக்கு வழக்கம். பைபருக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் அந்தச் சூட்டில் விரிந்து மேலே வெடித்துக்கொண்டு வரும். எங்கள் வழி, தேய்த்து முடித்த உடம்பைச் சித்திரை வெயிலில் நான்கைந்து நாள் சும்மா நிறுத்துவது. வெளியே வர வேண்டிய குமிழெல்லாம் அப்போதே வந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டு பிரைமர் அடித்தால் நிம்மதி.

2023 மார்ச் 19

கரும்பச்சையில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே எதிர்ப்பு இந்தச் சூடுதான். அடர் நிறம் வெயிலை இழுக்கும். சேலத்து மே மாத வெயிலில் கருப்புக்குப் பக்கத்து நிற பானட்டில் கை வைக்க முடியாது. பைபர் அவ்வளவு சூடாகிச் சூடாகி ஆறினால் உள்ளிருக்கும் கிளாஸ் மேட்டின் இழை மேலே துணி நெசவு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பளபளப்பான அடர் நிறத்தில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். பச்சைதான் வேண்டும் என்றால் இரண்டு படி வெளிர் பச்சையாக எடுங்கள்.

2023 ஏப்ரல் 2

நான் மஞ்சளுக்குத் திரும்புகிறேன். முடிவு செய்துவிட்டேன். வீட்டில், "மஞ்சளா? ஆட்டோ மாதிரி இருக்குமே" என்றார்கள். ஸ்டெப்னிக்குப் பின்னால் அந்த நாணய அளவு மஞ்சளை டார்ச் அடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

ஷேடு பிடித்த கதையைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். கம்பெனி நம்பர் எதுவும் என்னிடம் இல்லை. காந்திபுரம் பக்கம் பெயிண்ட் கலக்கும் கடையில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கழற்றிய சின்ன மஞ்சள் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். வெயில் படாத இடத்தைத்தான் மாதிரியாகக் கொடுக்க வேண்டும். வெளியே தெரியும் பெயிண்டைக் கொடுத்தால் வெளுத்த நிறத்தையே கலந்து தருவார்கள். தம்பி, உங்கள் சிவப்பு ரோஸ் ஆனதற்கும் காரணம் வெயில்தான். சிவப்புக்குச் சேர்க்கும் பல நிறமிகள் புறஊதாக் கதிரில் சிதைந்துவிடும்.

2023 ஏப்ரல் 16

வண்டிக்கு பெயிண்ட் அடிக்கும் மாஸ்டரோடு ஒரு மணி நேரம் வாக்குவாதம். அவர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு.

நான் சாம்பல் பிரைமர் மேல் நேராக மஞ்சள் அடிக்கச் சொன்னேன். மாஸ்டர், "மஞ்சளுக்கு மூடுற சக்தி கம்மிங்க. எத்தன கோட்டு விட்டாலும் அடியில இருக்கற சாம்பல் பச்சக் களையாட்டத் தெரியும். வெள்ளைய விட்டுட்டு மேல மஞ்சள் விட்டா மூணு கோட்டுல நிக்கும்" என்றார். தட்டில் இரண்டையும் அடித்துக் காட்டினார். சாம்பல் மேல் அடித்த மஞ்சள் அழுக்காக இருந்தது. வெள்ளை மேல் அடித்தது என் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அதே மாம்பழம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பியு (பாலியூரித்தேன்) பெயிண்டுக்கும் கிளியருக்கும் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். மாஸ்டர் முகத்தில் ஈரத் துண்டு கட்டிக்கொண்டு அடிக்கத் தயாரானார். துணி அந்தப் புகையை நிறுத்தாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் முகமூடி வாடகைக்குக் கிடைத்தது, எடுத்து வந்தேன். "பதினெட்டு வயசுல இருந்து அடிக்கறனுங்க" என்று சிரித்தார். அவர் இருமுவதை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போட்டுக்கொண்டால்தான் வேலை என்றேன். போட்டுக்கொண்டார். அடித்து முடிக்கும் வரைக்கும் நான் பட்டறைக்கு வெளியே நின்றேன், மகனைப் போன்ற அந்த ஹெல்பர் பையனையும் வெளியே கூட்டி வந்துவிட்டேன். உங்கள் நிறம் எதுவானாலும் இருக்கட்டும், இந்தச் செலவை மட்டும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

2023 மே 7

ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா என்று கேட்ட அன்பருக்கு. நல்ல பெயிண்ட் மேல் ஒட்டலாம். வெளுத்துப் பொரிந்த பெயிண்ட் மேல் ஒட்டினால் உரிக்கிற அன்று பெயிண்டும் கூடவே வரும். நிறம் மாறிவிட்டதால் ஆர்சி பிரச்சினையும் அப்படியேதான் இருக்கும்.

2023 மே 9

ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வண்டியின் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்னபோது நிறமும் மாற்றக் கூடாதோ என்று பலர் பயந்தார்கள். நிறம் மாற்றலாம். ஆனால் நிறம் ஆர்சியில் இருக்கும் ஒரு விவரம், வண்டி ஒன்றாகவும் காகிதம் ஒன்றாகவும் இருக்கக் கூடாது. அடிப்பதற்கு முன்னாலேயே உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டு, அடித்ததும் வண்டியைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் ஒரு கடிதம். நம் வண்டிகள் பதினைந்து வருஷம் தாண்டியவை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்குக் கட்டணத்தையே 5000 ரூபாய் ஆக்கினார்கள். நிறம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் அலைச்சல் நமக்கு.

2023 ஜூன் 25

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. எஞ்சினை இறக்கித்தான் அடித்தோம். கதவு விளிம்பு, பானட் அடி, டிக்கி வாய் எல்லாம் மஞ்சள். மொத்தம் பதினொரு வாரம்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் தேய்க்க வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஸ்டெப்னிக்குப் பின்னால் உள்ளங்கை அகலம் சில்வர். அதன் நடுவில் நான் மார்ச்சில் தேய்த்த அந்த நாணயம். மேலே கிளியர் மட்டும் விட்டு மூடினார். பன்னிரண்டு வருஷம் நான் ஓட்டியது சில்வர் வண்டியைத்தான், அது இல்லை என்று ஆக்க எனக்கு மனமில்லை.

2023 நவம்பர் 19

சேலத்துத் தம்பி இன்று செட்டிபாளையம் வந்திருந்தார். கரி மோட்டார் ஸ்பீட்வே வாசலில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். நான் சொன்ன வெளிர் பச்சை அவருக்குப் பிடிக்கவில்லை. கரும்பச்சையே அடித்துவிட்டார். நேரில் பார்த்ததும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, அவ்வளவு அழகு. கதவைத் திறந்து பார்த்தேன். விளிம்பெல்லாம் பச்சை. "அண்ணா, சீட்டுக்குக் கீழ பாருங்க" என்றார். சீட் ரெயிலுக்குப் பக்கத்தில் ஒரு கையளவு சிவப்பு, வெயில் படாத சிவப்பு, மினுமினுவென்று இருந்தது. ரோஸ் ஆன வண்டியையே நான் மனதில் வைத்திருந்தேன். அது ஒரு காலத்தில் இவ்வளவு நல்ல சிவப்பா என்று ஆச்சரியமாக இருந்தது.

2024 மே 12

ஒரு வருஷக் கணக்கு, கேட்டவர்களுக்காக. பச்சை வண்டியின் பானட்டில் இந்த வெயிலுக்கு இழை லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறதாம், சாயங்காலச் சாய்வெளிச்சத்தில் மட்டும். வண்டியை நிழலில் நிறுத்த வேப்பமரத்துக்கு அடியில் இடம் பார்த்திருக்கிறார். பிசினும் பறவை எச்சமும் விழும், அன்றன்றைக்கே கழுவச் சொல்லியிருக்கிறேன்.

என் மஞ்சளில் டிரைவர் பக்கக் கதவு மூலையில் நட்சத்திரம் திரும்ப வந்துவிட்டது. உள்பக்கம் கை நுழையவில்லை என்று மேட் போடாமல் விட்ட ஒரே இடம் அதுதான். ஆடிக் காற்று ஓய்ந்ததும் கதவைக் கழற்றுகிறேன். ஹார்டனர் கலக்காத மஞ்சள் அரை டப்பா மிச்சமிருக்கிறது, அது போதுமா என்று மாஸ்டரிடம் கேட்க வேண்டும்.